துண்டுக்குள் சொன்ன கணக்கு

உப்புக் குறைந்தால் குழம்புதான் கெடும் என்று அறுபத்தொன்பது வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். மனுஷனும் கெட்டுப்போவான் என்று போன ஐப்பசியில்தான் தெரிந்தது. ரத்தத்தில் உப்பு இறங்கிப்போய், கோவில்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் என்னைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். யார் கொண்டுபோனது, எந்த வண்டி, வழியில் மழை பெய்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எல்லாம் சண்முகத்தாய் சொல்லித்தான் தெரியும். சண்முகத்தாய் என் மனைவி. நோயாளி நான் என்றாலும் பாடுபட்டது அவள்.

இப்போது தேறிவிட்டேன். ஆனால் தெருவில் இறங்கினால் போதும், "ஏன் அண்ணாச்சி, ஒங்களுக்கு மறதி நோயாமே?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். டீக்கடையில் ஒவ்வொருத்தருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, டீயும் ஆறிப்போகிறது. அதனால்தான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் யாருக்காவது உதவினாலும் உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் கழிந்த முதல் சில நாட்கள் எனக்குக் கெட்ட நாட்களாக நினைவில் இல்லை. வீட்டுக்காரி கோபித்துக்கொண்டாலும் உண்மை அதுதான். அது ஒரே ஒரு நீளமான மத்தியானம். வார்டின் பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்துகொண்டே இருந்தது, சாயங்காலம் ஆகவே இல்லை. கட்டிலுக்கு அடியில் தரை கரிசலாக இருந்தது. நன்றாக மழை குடித்த கரிசல். நர்ஸம்மாக்கள் செருப்பில் மண் அப்பி அப்பி, கால் கனத்து, மெதுவாக நடந்து வந்தார்கள். பாட்டிலிலிருந்து சொட்டுகிற தண்ணீர் என் கைக்குள் போய், கையிலிருந்து தரைக்குள் இறங்கி, விளாத்திகுளம் பக்கத்தில் எங்கோ ஒரு புஞ்சையில் மிளகாய்ச் செடிக்குப் பாய்கிறது என்று எனக்குத் தோன்றியது. பாயட்டும், நல்லதுதானே என்று கையை வாகாக நீட்டி வைத்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டில்காரர் ஊசியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே இருந்தாராம். நான் மட்டும் சமர்த்தாகக் கிடந்தேன் என்று நர்ஸம்மா பாராட்டினார்களாம்.

அப்புறம் வார்டு முழுக்க மிளகாய் வத்தல் அம்பாரம் வந்துவிட்டது. ஆள் உயரத்துக்குச் சிவப்பு. நோயாளிகள் எல்லாம் அதன்மேல் படுத்திருந்தார்கள். ஆனால் ஒருத்தரும் தும்மவில்லை. நாற்பது வருஷம் வத்தல் கமிஷன் கடை நடத்தியவன் நான். கடைக்குள் வந்து தும்மாமல் போன மனுஷனை நான் பார்த்ததில்லை. அப்படியானால் இது கடை இல்லை, வேறு எங்கேயோ இருக்கிறோம் என்று எனக்கு முதல் சந்தேகம் வந்தது அந்தத் தும்மல் இல்லாததால்தான்.

டாக்டர் பிற்பாடு விளக்கினார். பிரஷருக்கு நான் சாப்பிட்டுவந்த மாத்திரைகளில் ஒன்று, உடம்பில் இருக்கிற நீரையும் உப்பையும் சிறுநீரில் வெளியே தள்ளுகிற வகை. வயதான சிலருக்கு அது உப்பை அளவுக்கு மேல் இறக்கிவிடும். அந்த உப்புக்குச் சோடியம் என்று பேர். அது குறைந்தால் மூளை குழம்பும், பகல் கனவும் நிஜமும் கலந்துபோகும். திடீரென்று வருகிற இந்தக் குழப்பத்தை டெலிரியம் என்கிறார்கள். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் போய்விடும். அந்த மாத்திரையை நிறுத்தினார்கள். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றினார்கள், அவசரப்பட்டு ஏற்றினால் அது வேறு ஆபத்தாம்.

உப்பு ஏறியது. கரிசலும் வத்தலும் மறைந்து, தரை வெறும் ஆஸ்பத்திரித் தரையாகிவிட்டது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், நான் திரும்பி வந்துவிடுவேன் என்று. நான் வரவில்லை.

ஏனென்றால் நான் அதற்கு முன்பே போய்விட்டிருந்தேன். முழங்கால் வலி தாங்காமல் கடையை மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது. நஷ்டம் இல்லை, சண்டை இல்லை, யாரும் சாகவில்லை. மகன் கண்ணன் பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறான். சொந்த வீடு. ஒரு குறையும் இல்லாத மனுஷன் நான். அப்படிப்பட்டவனுக்குக் காலையில் எழுந்து பல் தேய்ப்பதே ஒரு பெரிய மலையாகப் போனது ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. வெட்கமாக இருந்தது. யாரிடம் போய் என்னவென்று சொல்வது? பேசுவதைக் குறைத்தேன். மின்சாரக் கட்டணம் கட்ட மறந்தேன். எரிகிற அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். தெரிந்த ஆள் வந்து பேசிவிட்டுப் போனால், யார் வந்தது என்று சண்முகத்தாயிடம் கேட்டேன். தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து மேலே நடமாடுகிறவர்களைப் பார்க்கிற மாதிரி இருந்தது. வயதானால் அப்படித்தான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். நானும் விட்டுவிட்டேன்.

இங்கே எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. எங்கள் பக்கத்தில் வத்தலுக்கு விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அத்தனை. முதலில் பிடிப்பது எத்தனை பத்து என்று, அடுத்துப் பிடிப்பது எத்தனை ஒன்று என்று. ஐந்து விரலையும் பிடித்து விட்டுவிட்டு, இன்னொரு நாலைப் பிடித்தால் ஒன்பது. சுற்றிலும் நூறு பேர் நின்றாலும் விலை இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

கல்யாணமான புதிதில் இந்த வித்தையைச் சண்முகத்தாய்க்குச் சொல்லிக் கொடுத்தேன். வீட்டில் அப்பா, அம்மா, தம்பிகள், அவர்கள் பெண்டாட்டிகள் என்று ஒரு பட்டாளமே இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வார்த்தை தனியாகப் பேச இடம் கிடையாது. காலையில் நான் சாப்பிட உட்காரும்போது தண்ணீர்ச் செம்பை வைக்கிற சாக்கில், என் தோளிலிருந்து மடியில் விழுந்து கிடக்கிற துண்டுக்குள் அவள் கையை விட்டு என் விரலைத் தொடுவாள். எத்தனை இட்லி என்று அர்த்தம். நான் அவள் விரலில் நாலைப் பிடிப்பேன். அதற்குமேல் ஒரு விநாடி விடாமல் பிடித்திருந்தால் அது இட்லிக் கணக்கு இல்லை. பட்டாளம் எல்லாம் பிரிந்துபோய் வீடு காலியான பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

ஆஸ்பத்திரியிலும் தினம் காலையில் போர்வைக்குள் கையை விட்டு என் விரலைத் தொட்டாள். என் கை பதில் சொல்லவில்லை. ஈரத்துணி மாதிரி கிடந்தது.

கண்ணன் பெங்களூரிலிருந்து வந்தான். நல்ல பிள்ளை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் கால் நகத்தை வெட்டிவிட்டான். பில்லைக் கட்டிவிட்டு, தொகையைச் சொல்லாமல் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டான். வராந்தாவில் அவன் அம்மாவிடம் பேசியது எனக்குக் கேட்டது.

"அப்பாவுக்கு மறதி நோய்தான்னு நெனைக்கேன்ம்மா. இனிமே ஒங்க ரெண்டு பேரையும் இங்கன தனியா விட முடியாது. டாக்டரும் அதைத்தான் சொல்லிட்டாருன்னா வீட்டை வித்துட்டு என்கூட வந்துருங்க. ஒன்பதாவது மாடிதான், லிஃப்ட் இருக்கு."

"ஒன்பதாவது மாடியில இவிய எங்கனக்குள்ள போயி நிப்பாவ? எனக்கு அங்கன யாரைத் தெரியும்?"

"பழகிரும்மா."

டாக்டர் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வந்துவிட்டால் வீடும் ஊரும் போயிற்று என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்தது. ஆனால் என்னால் அதற்காக வருத்தப்பட முடியவில்லை. அதுதான் அந்த நோயிலேயே ரொம்பக் கொடுமையான பகுதி என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த ஆஸ்பத்திரி மாடியில், அறுபது தாண்டியவர்களின் ஞாபகத்தையும் மனநலத்தையும் பற்றி ஆராய்ச்சி செய்ய மதுரையிலிருந்து ஒரு குழு வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்தது. டாக்டர் எங்களை அங்கே அனுப்பினார். பில்லுக்குப் பிறகு, காசில்லாமல் ஒரு பரிசோதனை என்றதும் கண்ணனுக்கே முகம் தெளிந்தது. நிவேதா என்ற உளவியல் படித்த பெண் எங்களை உட்காரவைத்து, எதற்காக இந்த ஆராய்ச்சி, என்ன கேட்பார்கள், பிடிக்காவிட்டால் எந்த நேரமும் எழுந்து போகலாம் என்று பொறுமையாகச் சொன்னாள். அறையில் ஏசி குளிர்ந்தது. நான் துண்டை எடுத்து மடியில் விரித்துக்கொண்டேன். சண்முகத்தாய் நாற்காலியை இழுத்து என்னை ஒட்டி உட்கார்ந்தாள்.

"இன்னைக்குத் தேதி என்ன சார்?"

தெரியலை என்ற சொல் என் நாக்கிலேயே குடியிருந்தது. வாயைத் திறந்தால் அதுதான் வரும். திறக்கப் போனேன். துண்டுக்குள் ஒரு கை நுழைந்து என் விரலைப் பிடித்தது. முதலில் பத்து. அப்புறம் ஒன்று. என்னை அறியாமல் தேதியைச் சொன்னேன்.

வருஷம் கேட்டாள். அதுவும் வந்தது. எத்தனையாவது மாடி என்று கேட்டாள். ஒற்றை விரலை அழுத்திப் பிடித்தாள் சண்முகத்தாய். முதல் மாடி.

"இது எந்த ஊர் சார்?"

விரலால் ஊர்ப்பெயரை எப்படிப் பிடிப்பது? "தெரியலை" என்றேன். மூன்று சொற்களைச் சொல்லி, கொஞ்சம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். மூன்றும் தெரியலை. ஒரு கடிகாரம் வரையச் சொன்னாள். பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

"சரி சார், பரவாயில்லை. நூறுல இருந்து ஏழைக் கழிங்க. வர்றதுல இருந்து மறுபடி ஏழு. நான் போதும்னு சொல்ற வரைக்கும் கழிச்சுக்கிட்டே போங்க."

கவனத்தையும், ஒரு எண்ணை மனதில் நிறுத்தி வைத்து வேலை செய்கிற திறமையையும் பார்க்கிற கேள்வியாம் அது. துண்டுக்குள் விரல்கள் வந்தன. தொண்ணூற்று மூன்று என்றேன். எண்பத்தாறு என்றேன். சண்முகத்தாயின் கை வியர்த்திருந்தது. எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தைந்து என்றேன். நிவேதா நிமிர்ந்து என்னையே பார்த்தாள்.

மனநிலையைப் பற்றியும் கேள்விகள் இருந்தன. அவற்றுக்கு என் மனைவியே பதில் சொல்லிவிட்டாள். "இவியளுக்கு என்னம்மா குறை? மகன் நல்லாருக்கான். சாப்பாட்டுக்குக் கஷ்டமில்ல. சந்தோஷமாத்தான் இருக்காவ."

எந்த வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சண்முகத்தாய் அடுப்படியில் போய் அழுதாள். எல்லா எண்ணும் சரியாகச் சொல்லிவிட்டோமே, இவள் ஏன் அழுகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்பதற்கு எழுந்து போக வேண்டுமே.

அடுத்து ஸ்கேன். திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் ஒரு குழாய்க்குள் என்னைத் தள்ளினார்கள். மூளையைப் பகுதி பகுதியாகப் படம் எடுக்கிற மெஷின். காந்தத்தில் ஓடுவதால் மோதிரம், அரைஞாண், எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். துண்டையும் வாங்கிக்கொண்டார்கள். உள்ளே பருத்தி அரைக்கிற ஆலை மாதிரி ஒரே தடதடப்பு. கண்ணை மூடிக்கொண்டேன். பஞ்சு பறந்தது. ஆலைக்குள் பறக்கிற பஞ்சு முழுக்க மெதுவாக என்மேல் வந்து படிந்து என்னை மூடியது. வெளியே எடுக்காமல் இப்படியே விட்டுவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். பயம் இல்லாமல், ஆசையாக நினைத்தேன். அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

மறு வாரம் மாடிக்குப் போனபோது நிவேதாவோடு அவளுடைய பேராசிரியையும் இருந்தார். நரைத்த தலை, கதர்ப் புடவை, சிரித்த முகம். என் தாளையும் ஸ்கேன் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"உங்களைப் பார்க்கறதுக்குன்னே வந்தேன். எண் கேட்டா எல்லாம் சரி. சொல் கேட்டா ஒண்ணுகூட இல்லை. இருக்கிற ஊர் பேர் தெரியலைங்கறீங்க, ஆனா ஏழு ஏழாக் கழிக்கறீங்க. ஸ்கேன்ல வயசுக்கு ஏத்த சுருக்கம்தான், வேற ஒண்ணும் இல்லை. இப்படி ஒரு மறதியை நான் பார்த்ததே இல்லை. சென்னையில ஒரு பெரிய குழுகிட்ட உங்களைக் காட்டலாம்னு இருக்கேன்."

நிவேதா சொன்னாள்: "அம்மா அன்னைக்கு முழுக்க சாரோட கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க மேடம். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு."

சண்முகத்தாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. கண்ணன் பின்னால் நின்றான். அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்புறம் எழுந்து நின்று கையைக் கூப்பிவிட்டாள்.

"என்னை மன்னிச்சிருங்கம்மா. அது இவிய சொன்ன கணக்கு இல்ல. நான்தான் துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சுச் சொல்லிக் கொடுத்தேன். வத்தல் கடையில விலை சொல்லுவாகள்லா, அந்த மாதிரி. மறதின்னு எழுதிட்டீங்கன்னா வீட்டை வித்துருவான்னு பயந்துட்டேன்."

"அம்மா!" என்றான் கண்ணன்.

"இருப்பா, சொல்லி முடிச்சிருதேன். சொல்லிக் கொடுத்தும் பிரயோஜனமில்ல டாக்டரம்மா. மொத ரெண்டுதான் சரியாச் சொன்னாவ. அதுக்கு மேல நான் பிடிக்கது ஒண்ணு, இவிய சொல்லுதது ஒண்ணு. எழுபத்தெட்டுன்னு பிடிச்சேன், எழுபத்தொம்பதுன்னாவ. எழுபத்தொண்ணு பிடிச்சேன், எழுபத்திரண்டுன்னாவ. அறுபத்து நாலு பிடிச்சேன், ஒண்ணு கூட்டிச் சொன்னாவ. நாற்பது வருசம் பிடிச்ச வெரலு. அதையே மறந்துட்டாவளேன்னு அன்னைக்கு நான் அழுத அழுகை அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும்."

பேராசிரியை தாளைப் பார்த்தார். விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாக இறங்கினார். நிவேதா உதட்டை அசைத்துத் தனக்குள் கழித்துப் பார்த்தாள்.

"அம்மா, எண்பத்தாறுல இருந்து ஏழு போனா எவ்வளவு?"

"எழுபத்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் இடது கை விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீங்க ஒண்ணு குறைச்சுச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க" என்றார் பேராசிரியை. "அவர் மூணு தடவையும் அதைத் திருத்திச் சரியாச் சொல்லியிருக்கார்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், கணக்குப் போட்டதாகவே எனக்கு நினைவில்லை. ஆனால் துண்டுக்குள் தப்பான விலை வந்தால் அதை அப்படியே வாய்க்குக் கொண்டுபோகிற வத்தல் கடைக்காரன் கிடையாது. நான் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருந்தபோதும் எனக்குள் ஒருத்தன் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறான். அவனுக்கு ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

பேராசிரியை, சண்முகத்தாயையும் கண்ணனையும் வெளியே அனுப்பிவிட்டு, நாற்காலியை என் எதிரே போட்டுக்கொண்டார்.

"பசிக்குதா உங்களுக்கு?"

"தெரியலை."

"காலையில முழிப்பு வந்ததும் என்ன தோணும்?"

தெரியலை என்றுதான் சொல்ல வந்தேன். அந்த அம்மாள் அவசரப்படவே இல்லை.

"ஏன் முழிச்சோம்னு தோணும்."

"சாகணும்னு தோணுமா?"

"சாகணும்னு இல்லம்மா. இருக்கணும்னு தோணலை."

சொல்லிவிட்டு அழுதேன். ஒரு வருஷத்தில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். அழுது முடிகிற வரை அவர் காத்திருந்தார். பிறகு தண்ணீர் கொடுத்தார்.

அன்று அவர் எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். மூளையின் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்து வருகிற மறதி நோய் வேறு. மனச்சோர்வு வேறு. ஆனால் வயதானவர்களுக்கு வருகிற மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வராது, மறதியாக வேஷம் போட்டுக்கொண்டு வரும். மனம் எதையும் உள்ளே வாங்காததால் எதுவும் தங்காது. மறதி நோய்க்காரர்கள் கேட்டதற்கு எதையாவது சொல்லிச் சமாளிப்பார்கள். மனச்சோர்வுக்காரர்கள் முயற்சி செய்து பார்க்காமலேயே தெரியலை என்பார்கள். எப்போதும் அப்படியே இருக்கும் என்று இல்லை, ஆனால் அது ஒரு தடயம். சோர்வு வருவதற்குப் பெரிய துக்கம் நடந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. உப்புக் குறைந்தது இதன் மேலே வந்து விழுந்த இன்னொரு அடி. சில பேருக்கு இரண்டு நோயும் சேர்ந்தே இருக்கும், ஆகவே மருந்து கொடுத்து, ஆறு மாசத்துக்குள் மறுபடி சோதித்துப் பார்த்துத்தான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும். இந்த வேஷத்தைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் அவர்களுடைய ஆராய்ச்சியே.

"அதுவரைக்கும் வீட்டை விக்க வேண்டாம்" என்று கண்ணனைப் பார்த்துச் சொன்னார். அவன் தலை குனிந்து, "சரி மேடம்" என்றான். அப்புறம் சண்முகத்தாயைப் பார்த்தார். "இனிமே பரீட்சையில காப்பி அடிக்கக் கூடாது. அதைவிட முக்கியம், அவர் சந்தோஷமா இருக்கார்னு நீங்க சொல்லாதீங்க. அவரே சொல்லட்டும்."

மருந்து மெதுவாகத்தான் வேலை செய்தது. முதல் சில வாரம் ஒன்றுமே தெரியவில்லை. உப்பை மறுபடி இறக்கிவிடாத, தூக்கமும் பசியும் தருகிற மாத்திரையாகப் பார்த்துக் கொடுத்தார்கள். அடிக்கடி ரத்தம் எடுத்துச் சோடியம் பார்த்தார்கள். நிவேதா வாரம் ஒருநாள் பேசினாள். தினமும் வெளியே போக வேண்டும், மனசு வராவிட்டாலும் கால் போகட்டும் என்றாள். என் எதிர்க்கடைக்காரர் காதர் அண்ணாச்சி காலையில் பைக்கில் வந்து வாசலில் ஹாரன் அடிப்பார். நான் வரவில்லை என்றால் போக மாட்டார், அடித்துக்கொண்டே இருப்பார். தெருக்காரர்களுக்குப் பயந்து ஏறி உட்கார்ந்துவிடுவேன். அவர் கடையில் ஒரு மூலையில் சும்மா இருப்பேன். மார்கழியில் ஒருநாள் அவர் சாக்கைப் பிரித்து உதறினார், நான் அடுக்கடுக்காகத் தும்மினேன். "அண்ணாச்சி வந்துட்டாரு!" என்று கத்தினார் காதர். எனக்குச் சிரிப்பு வந்தது. என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

ஒன்று மட்டும் திரும்பவில்லை. சண்முகத்தாய் துண்டுக்குள் கையை விடுவதை நிறுத்திவிட்டாள். பேராசிரியை முன்னால் பட்ட வெட்கமோ, என் விரல் பதில் சொல்லாமல் கிடந்த நாட்களின் பயமோ, தெரியாது. இட்லியை அவளாக வைப்பாள், நானும் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன். நான் கேட்டிருக்கலாம். இதைப் போய் எப்படிக் கேட்பது?

பங்குனியில், புது வத்தல் வரத் தொடங்கிய நேரத்தில், மறுசோதனை. கண்ணன் பெங்களூரிலிருந்து போனில் காத்திருந்தான். இந்தத் தடவை நான் மட்டும்தான் உள்ளே போக வேண்டும்.

"துண்டை அம்மாகிட்ட குடுத்துட்டு வாங்க சார்" என்றாள் நிவேதா, சிரிக்காமல்.

கொடுத்துவிட்டுப் போனேன். மடியில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருப்பது உடம்பில் துணியில்லாத மாதிரி இருந்தது. தேதி சொன்னேன். ஊர்ப் பேரைச் சொன்னேன். கடிகாரம் வரைந்தேன். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தைந்து. மூன்று சொற்களில் இரண்டு உடனே வந்தன. மூன்றாவது வரவில்லை. நிவேதா ஒரு குறிப்புக் கொடுத்ததும் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். வருஷம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றார் பேராசிரியை, வயது வயதுதான் என்றார். ஆனால் இது மறதி நோய் மாதிரித் தெரியவில்லை, வீட்டை விற்க வேண்டியதில்லை என்று அவரே கண்ணனிடம் போனில் சொன்னார்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். வராந்தா பெஞ்சில் சண்முகத்தாய் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். என் துண்டு அவள் மடியில் விரிந்து கிடந்தது. அதற்குள் அவளுடைய இரண்டு கைகளும் அசைந்துகொண்டிருந்தன. ஒரு கை இன்னொரு கையின் விரல்களைப் பிடித்துப் பிடித்து விட்டது. சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து எனக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அறுபத்தைந்தில் நிறுத்த வேண்டும் என்பதை மறந்து எங்கேயோ கீழே போய்க்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்து துண்டுக்குள் கையை விட்டேன். அவள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது. அவள் விரலில் நாலைப் பிடித்தேன்.

"நாலா? எதுக்கு நாலு?" என்றாள் பதறிப்போய். "நாலுதான் சரியாச் சொன்னீங்களா?"

"ஐப்பசியில தினம் போர்வைக்குள்ள கேட்டியே, எத்தனை இட்லின்னு. அதுக்கு."

அவள் துண்டை இழுத்து எங்கள் கைகளைச் சரியாக மூடினாள். நான் விரலை விடவில்லை.